கத்தரி படாத முடி

தலைமுடியில் சூயிங்கம் ஒட்டிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது பேசாமல் உட்காருவதுதான். பதறிப்போய் இழுத்தால் பத்து முடியில் இருந்தது நூறு முடிக்குப் பரவும். நம் ஊர் பெண்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒன்று இழுப்பார்கள், இல்லாவிட்டால் கத்தரிக்கோலைத் தேடுவார்கள்.

டாக்டரம்மா, போன செவ்வாய்க்கிழமை வார்டில் வைத்து, "ஒரு முடிகூட அறாம எப்படிம்மா எடுத்தீங்க?" என்று என்னிடம் கேட்டீர்கள். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், பதில் சொல்லவில்லை. பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதித் தரச் சொன்னீர்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். தமிழ்நிலாவின் ரஃப் நோட்டில் கிழித்த தாள்தான் கைக்குக் கிடைத்தது. பின்பக்கம் அவள் போட்ட கணக்கு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அறிவுச்செல்வி. தமிழ்நிலாவுக்குப் பெரியம்மா. அவள் அப்பா முருகேசன் என் வீட்டுக்காரருக்குத் தம்பி. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறோம். என் வீட்டுக்காரர் ஈஸ்வரன் ஒட்டன்சத்திரத்தில் இருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், அதில் ஒன்றரை நாள் தூங்குவார். நல்ல மனுஷன். எனக்கு மூன்று கர்ப்பம் தங்கவில்லை. மூன்றாவது கலைந்த அன்று அவர் பாலக்காட்டில் இருந்தார். போனில் "சாப்டியா?" என்றார். வேறு என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

தமிழ்நிலாவின் அம்மா பானுப்ரியா நூல் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். கை கால் எல்லாம் பரபரப்பு. மில் பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போதுதான் இவள் ஒரு கம்மலைப் போட்டுவிட்டு இன்னொன்றைத் தேடுவாள். பிள்ளைக்குக் குளிப்பாட்டு, சோறு, தலைசீவல், வீட்டுப்பாடம் எல்லாம் என் பொறுப்பு. யாரும் சொல்லி நான் எடுத்துக்கொள்ளவில்லை, தானாக என் கைக்கு வந்தது.

நாலு வயதில் பிள்ளைக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போன அன்று பானு ஆஸ்பத்திரி வராண்டாவில் விழுந்து, பிள்ளை பிழைத்தால் ஐந்து வருஷம் கத்தரி படாமல் முடி வளர்த்து, முழுசாகப் பழனியில் இறக்குகிறேன் என்று வேண்டினாள். வேண்டியது அவள்தான். வளர்த்தது நான். வாரம் இரண்டு முறை எண்ணெய், வடிகஞ்சி விட்டுக் கரைத்த சீயக்காய், சாம்பிராணிப் புகை. ஒன்பது வயதில் முடி இடுப்பைத் தாண்டிவிட்டது. ஸ்கூல் வேனில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் தொட்டுப் பார்க்கும். எனக்குப் பெருமையாக இருக்கும், கண் பட்டுவிடுமோ என்று பயமாகவும் இருக்கும்.

இந்த வருஷம் மே மாதம் முடி இறக்குவதாகப் பேச்சு. அது முடிந்த கையோடு முருகேசன் குடும்பம் நிலக்கோட்டைக்குக் குடிபோவதாகவும் பேச்சு. அவன் நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லிகை எடுத்து வெளியூர்களுக்கு வேனில் ஏற்றிவிடுகிறவன். தினமும் விடியுமுன் பைக்கை உதைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய் வருகிறான். அங்கேயே வீடு பார்த்துவிட்டால் பானுவும் மில்லை விட்டுவிட்டு அவனோடு பூ கட்டலாம், பிள்ளையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நல்லதுதானே அப்பு, போங்க என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் காயாத துணியை எல்லாம் மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரலில் முதல் தடவை ஒட்டியது. அது விபத்து. பிள்ளை வாயில் சூயிங்கத்தோடு மத்தியானம் பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். எழுந்தபோது இடது பக்கம் சடையின் அடியில் கட்டி தட்டியிருந்தது. அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்த பானு, பார்த்ததும் தையல் மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். நான் கையைப் பிடித்தேன்.

"ஏத்தா, நேந்த முடி. கத்தரி படலாமா?"

கத்தரிக்கோல் தானாகக் கீழே விழுந்தது. "அக்கா, எப்பிடியாச்சும் எடுத்துருங்கக்கா. சாமி குத்தமாயிருமே," என்று அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டு சுந்தரம்மாள் எட்டிப் பார்த்து மண்ணெண்ணெய் போடச் சொன்னாள். அந்தப் பொம்பளைக்குப் பல்வலிக்கும் மண்ணெண்ணெய்தான், கரையானுக்கும் மண்ணெண்ணெய்தான். தோல் வெந்துபோகும் என்று அனுப்பிவிட்டேன்.

நீங்கள் கேட்ட பக்குவம் இதுதான். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஒட்டிய இடத்தில் கால் மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சூயிங்கம் விறைத்துப்போகும். விறைத்ததை நகத்தால் கிள்ளினால் துண்டு துண்டாக உதிரும். மிச்சம் மயிரோடு மயிராக அப்பியிருப்பதற்குத் தேங்காய் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் தடவி, இரண்டு விரலால் இரண்டிரண்டு முடியாகத் தேய்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் வறுத்த நிலக்கடலையைத் தோல் நீக்கி, தண்ணீர் விடாமல், அதன் எண்ணெய் அதிலேயே கசியும் வரைக்கும் அரைத்து அப்ப வேண்டும். என் பிறந்த வீடு குஜிலியம்பாறைப் பக்கம். மழையை நம்பி விளைகிற கடலை, சின்னதாக இருந்தாலும் எண்ணெய்ச் சத்து அதிகம். பத்து நிமிஷத்தில் சூயிங்கம் கொழகொழவென்று இளகிவிடும். பிறகு பேன் சீப்பால் நுனியில் இருந்து மேல் நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, சீயக்காய் போட்டு அலச வேண்டும். மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும்.

அந்த இரண்டரை மணி நேரமும் பிள்ளை என் மடியில் கிடந்தாள். வேனில் யார் வாந்தி எடுத்தது, டீச்சர் யாரைத் திட்டினார்கள் என்று பேசிக்கொண்டே வந்தவள், பாதியில் தூங்கிப்போனாள். எட்டு வயதுக்குப் பிறகு பிள்ளைகள் மடியில் படுப்பதில்லை, தெரியுமா. ஓடிப்போய்விடுகிறார்கள். என் கை முழுக்க எண்ணெய் என்பதால் பானு டீயை ஆற்றி, தம்ளரை என் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தாள். "நீங்க இல்லாட்டி நான் என்னக்கா செய்வேன்," என்றாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம். எனக்கு ஒருவர் டீ குடிக்கக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் பிள்ளைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏன் பானு, வாயில மென்னதுல்ல ஒட்டுச்சு. எச்சிப்பட்ட முடிய சாமிக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டேன். கேட்க மட்டும்தான் செய்தேன். அவள் அடுத்த நிமிஷமே தெருக்கோடியில் வருஷா வருஷம் காவடி எடுக்கிற சிவனம்மாளிடம் ஓடினாள். அந்தம்மா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எச்சி எச்சிதேன். ஒரு மண்டலம் போகட்டும். தலைக்கு ஊத்தி சுத்தபத்தமா இருந்து, அதுக்கப்புறம் எறக்குங்க," என்றார்கள்.

ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். மே மாதம் ஜூன் ஆனது. நிலக்கோட்டை வீட்டுக்காரரிடம் முருகேசன் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். பள்ளிக்கூடம் திறந்து பிள்ளை நாலாம் வகுப்புக்கு இங்கிருந்தே போனாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெற்றிலை வாங்கத்தான் போனேன். வெற்றிலையோடு ஒரு சூயிங்கமும் வாங்கினேன். அதற்கு முன்னால் அதை மென்றதே இல்லை. வீடு வருவதற்குள் தாடை வலித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளை சுவர் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். பிடரியில், உள்பக்கமாக, ஒரு புளியங்கொட்டை அளவு வைத்து மெதுவாக அழுத்தினேன். இழுத்தாலும் அதிகம் வலிக்காத இடம் அது. எடுப்பதற்கும் சுலபம். அவளுக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

சாயங்காலம் பானுவே சடை பின்ன உட்கார்ந்து, பானுவே கண்டுபிடித்தாள். மறுபடி ஐஸ், எண்ணெய், கடலை. மறுபடி இரண்டரை மணி நேரம், மறுபடி ஒரு மண்டலம். அந்த நாற்பத்தெட்டு நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். மூட்டுவலிகூட இல்லை.

ஜூலையில் மூன்றாவது தடவை. அதுவும் நான்தான். இந்தத் தடவை பானு அழவில்லை. ஸ்கூலுக்குப் போய்ச் சண்டை போட்டாள், வேன் சீட்டை எல்லாம் தடவிப் பார்த்தாள். எங்கும் ஒன்றும் இல்லை என்றதும் அவள் கண் பிள்ளை மேல் திரும்பியது. "மொட்டை போட வெக்கப்பட்டுக்கிட்டு நீயாத்தான் ஒட்டிக்கிறியா? சாமியோட வெளையாடுறியாடி?" என்று தோசைக் கரண்டியை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை "நான் இல்லம்மா, நான் இல்லம்மா" என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் குறுக்கே விழுந்ததில் ஒரு அடி என் தோளில் பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

அவளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணைத் துடைத்துவிட்டு, "நாந்தேன் தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லிரு தங்கம். அம்மா அடிக்க மாட்டா," என்றேன். பிள்ளை என் முகத்தையே வெகு நேரம் பார்த்தாள். ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தானே கீழே இறங்கிப் போய்ச் சொன்னாள். பானு கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நான் சொன்னது பலித்தது. பிள்ளை அதற்குப் பிறகு அடி வாங்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் நாலாவது தடவை. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "நாந்தாம்மா," என்றாள். சோறு வேண்டுமா என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். அதைக் கேட்டதும் பானு பயந்துபோனாள். அடித்த கைக்கு அடிக்க மனசு வரவில்லை. சிவனம்மாள் வந்து திருநீறு போட்டார்கள். முருகேசன் திண்டுக்கல்லில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் ஒரு மாத்திரை எழுதி, சரியாகாவிட்டால் மதுரைக்குப் போகச் சொன்னார்.

அந்த மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை என் கையால் கொடுத்தேன். பிள்ளைக்கு எந்நேரமும் தூக்கம். வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். வேனில் நடந்ததை எல்லாம் சொல்வாளே, அந்தப் பேச்சு நின்றுபோனது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் லீவு நாட்களில், கூப்பிடாமலே வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். தலை முன்னைவிடக் கனமாக இருந்தது. அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் நீங்கள் கேட்டதற்குப் பாதி பதில்தான் ஆகும்.

அக்டோபர் முதல் வாரம் மதுரைக்கு உங்களிடம் கொண்டுவந்தார்கள். மூன்று வாரம் தங்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றீர்கள். ஒரு ஆள்தான் கூட இருக்கலாம் என்பதால் பானு இருந்தாள். முருகேசன் மார்க்கெட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டான், நான் திண்டுக்கல்லில் ஒற்றை ஆளுக்கு உலை வைத்தேன். சீப்பில் சிக்கியிருந்த அவள் முடியை எடுத்துச் சுருட்டிச் சுருட்டி வைத்தேன். உங்களிடம் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை, அந்த நாட்களில் ஒரு கணக்கும் போட்டேன். வார்டில் நான் இல்லை, அதனால் ஒட்டாது. ஒட்டாவிட்டால் மாத்திரை வேலை செய்கிறது என்பார்கள். பிள்ளை குணமாகி வருவாள், யாருக்கும் ஒன்றும் தெரிய வராது. முடி இறக்குவதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் நாள் பானு போன் செய்தாள். "அக்கா, இங்கயும் ஒட்டிருச்சு. உச்சந்தலையில, இம்புட்டு. நர்ஸம்மா கத்தரி எடுத்துட்டாங்க. நான் ஒண்ணும் சொல்ல முடியல, சீக்கிரம் வாங்கக்கா."

ஈரச் சேலையையே கட்டிக்கொண்டு கிளம்பினேன். தூக்குவாளியில் எண்ணெய், டிபன் டப்பாவில் கடலை விழுது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் ஒரே யோசனை. நான் ஒட்டவில்லை. பிறகு யார் ஒட்டினார்கள்?

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒட்டத் தெரியாத கை ஒட்டியது. உச்சியில், நெற்றியோரத்தில், காதுக்கு மேலே என்று கண்ட இடத்தில் இழுத்துப் பூசியிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்களைப் பார்க்க வந்தவர்களிடம் கேட்டு வாங்கிப் பிள்ளையே மென்றிருக்கிறாள். நீங்கள் வந்து பார்த்தீர்கள், ஏதோ குறித்துக்கொண்டீர்கள், மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று பானுவிடம் மெதுவாகச் சொன்னீர்கள். அது என் காதில் விழுந்தது.

பானு ஐஸ் வாங்கக் கீழே போனாள். பிள்ளை என் மடியில் தலையை வைத்து, சேலையை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பெரியம்மா, நீங்க இல்லாதப்பவும் ஒட்டிருச்சு பாத்தீங்களா. இனிமே யாரும் உங்கள சந்தேகப்பட மாட்டாங்க."

என் விரல் நின்றுவிட்டது. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க பிடரியில வச்சீங்கள்ல, அப்பவே. நான் தூங்கல. கண்ண மட்டும் மூடிருந்தேன். உங்க வாயி மிட்டாய் மாதிரி மணந்துச்சு."

"ஏந்தங்கம் அம்மாகிட்ட சொல்லல?"

சேலையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டாள். பிறகு, "சொன்னா அம்மா உங்கள அடிப்பாங்கள்ல," என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை. இரண்டாவது தடவையில் இருந்தே தெரிந்திருக்கிறது. கரண்டியால் அடி வாங்கியபோதும் தெரிந்திருக்கிறது. மாடியில் வைத்து நான் பொய் சொல்லச் சொன்னபோது என் முகத்தில் எதைத் தேடினாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தெரிந்துகொண்டே அந்த மாத்திரையை என் கையில் இருந்து வாங்கி, வாயைத் திறந்து காட்டி விழுங்கியிருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் பானு வந்து ஏன் என்று கேட்பாள். அதனால் எண்ணெயைத் தடவினேன்.

டாக்டரம்மா, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். மொத்தம் ஐந்து தடவை ஒட்டியது. முதல் தடவை விபத்து. கடைசித் தடவை ஒட்டியது பிள்ளை, எனக்காக ஒட்டினாள். நடுவில் மூன்று தடவையும் ஒட்டியது நான். எச்சில் என்ற பேச்சை எடுத்தது நான். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லச் சொன்னது நான். பிள்ளைக்கு மனசில் எந்தக் கோளாறும் இல்லை. மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள். இந்தத் தாளைப் பானுவிடமும் முருகேசனிடமும் நீங்களே காட்டுங்கள். ஈஸ்வரனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அவர் அதிகம் கேட்க மாட்டார். முடியைப் பழனியில் இறக்கட்டும், நிலக்கோட்டைக்குப் போகட்டும். நான் குறுக்கே வர மாட்டேன். பிள்ளை நன்றாக இருந்தால் போதும், அதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது.

ஒன்றே ஒன்று. அன்றைக்கு உச்சியில் கொஞ்சம் மிச்சம் விட்டிருக்கிறேன். ஒரே நாளில் எல்லாம் வராது, இன்னொரு தடவை உட்கார வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன். ஒரே நாளில் வந்திருக்கும். கடலை விழுது அரைத்துத் தயாராக வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவேன். இரண்டரை மணி நேரம்தான். இந்தத் தாளை அதற்குப் பிறகு காட்டுங்கள். அதுவரைக்கும் வேறு யாரும் அவள் தலையைத் தொட வேண்டாம், பிள்ளைக்கு என் கை இல்லாவிட்டால் வலிக்கும்.